மொட்டை மலை என்று அச்சிட்டோம்



போன இதழின் அட்டைப் படம் உங்களில் பலருக்குப் பிடித்திருந்தது. நீலகிரியின் மேல்மலை, விடிந்தும் விடியாத நேரம், மடிப்பு மடிப்பாகப் புல்வெளி, பள்ளங்களில் மட்டும் கறுத்து அடர்ந்த சோலை. படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தோம்: ‘மரங்களை இழந்து நிற்கும் மொட்டை மலைகள்.’ எழுதியவன் நான்தான். அச்சுக்குப் போகும் இரவில், பதினொரு மணிக்கு மேல், எதையாவது போட்டு முடிப்போம் என்ற அவசரத்தில் எழுதியது. உதவி ஆசிரியர் மேல் பழியைப் போட வழியில்லை.

ஐந்தாம் நாள் கோத்தகிரிப் பக்கத்திலிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. வாசகி ஒருவர் எழுதியிருந்தார். அந்த மலை எதையும் இழக்கவில்லை, உச்சிகளில் அடர்காடு என்று ஒன்று இருந்ததே இல்லை, அடுத்த முறை வரும்போது அண்ணாந்து மரம் தேடாமல் கொஞ்சம் குனிந்து மண்ணைப் பாருங்கள் என்று நாலே வரி. திட்டித் தீர்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. ‘தங்கள் இதழின் நீண்டகால வாசகி’ என்று கையெழுத்திட்டிருந்ததுதான் சுருக்கென்றது.

அட்டையை மேசையிலேயே வைத்திருந்தேன். ஒரு சனிக்கிழமை நண்பரின் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். நிலம் மாறினால், வெயில் ஏறினால், ஒரு வட்டாரத்தின் காடும் மண்ணும் பிடித்துவைத்திருக்கும் கார்பன் எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்று கணினியில் கணக்குப் போடுவது அவளுடைய ஆராய்ச்சி. அஞ்சலட்டையைப் படித்துவிட்டுச் சிரித்தாள். “நீங்க மட்டும் இல்ல மாமா, எங்க மாடலும் சும்மா விட்டா அதை மொட்டைன்னுதான் படிக்கும்” என்றாள். இந்த மாதப் பக்கம் அந்த ஒரு வாக்கியத்தால் வந்தது.

கார்பன் கணக்கு என்றதும் பெரிய சூத்திரங்கள் வரும் என்று பயந்தேன். அவள் திறந்து காட்டியது மளிகைக்கடைச் சிட்டை மாதிரி ஓர் அட்டவணை. இடப்பக்கம் நிலத்தின் வகைகள்: சோலை, புல்வெளி, தேயிலை, சீகைத் (வாட்டில்) தோப்பு, கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பு, காய்கறி நிலம், கட்டடம். வலப்பக்கம் நாலு பத்திகள்: தரைக்கு மேலே இருக்கும் உயிர்ப்பொருள், தரைக்குக் கீழே இருக்கும் வேர், மண், செத்து விழுந்த கட்டையும் சருகும். ஒவ்வொரு கட்டத்திலும், ஒரு எக்டேருக்கு இத்தனை டன் கார்பன் என்று ஓர் எண். இதோடு செயற்கைக்கோள் எடுத்த வரைபடம். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது முப்பதுக்கு முப்பது மீட்டர், நம் கணக்கில் 22 சென்ட். அந்த 22 சென்டில் இருப்பது தேயிலையா சோலையா என்று பார்த்து, அட்டவணையில் அதற்குரிய எண்ணை எடுத்துப் போட்டு, எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் வட்டாரத்தின் மொத்தக் கார்பன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட இயற்கை மூலதனத் திட்டம் இலவசமாகத் தரும் ‘இன்வெஸ்ட்’ என்ற மென்பொருளின் கார்பன் பகுதி கிட்டத்தட்ட இவ்வளவுதான். உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இதை வைத்து நடக்கின்றன.

இவ்வளவு எளிய கருவியிலா உலகத்தின் கார்பனை அளக்கிறார்கள் என்று முகம் சுளித்தேன். “எளிசா இருக்கறது தப்பில்ல மாமா. கட்டத்துல யாரு என்ன எண்ணை எழுதினாங்கங்கறதுதான் விஷயம்” என்றாள்.

அந்த எண்கள் எப்படி வருகின்றன? மரத்துக்கு வழி தெரியும். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை நாடாவால் அளப்பார்கள். அதிலிருந்து எடையைக் கணிக்கச் சமன்பாடுகள் உண்டு. உலர்ந்த எடையில் ஏறக்குறையப் பாதி கார்பன். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தார் முதுமலையில் 50 எக்டேர் காட்டை 1988 முதல் இப்படிக் கண்காணித்து வருகிறார்கள். ஒரு சென்டிமீட்டர் தடிமனைத் தாண்டிய ஒவ்வொரு மரத்துக்கும் அங்கே அடையாள எண் உண்டு. யானை எதை ஒடித்தது, தீ எதைத் தின்றது, எது பிழைத்தது என்று எல்லாம் பதிவேட்டில் இருக்கும். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு போல என்று நினைத்துக்கொண்டேன். மரம் ‘உள்ளேன் ஐயா’ சொல்லாது, இவர்கள்தான் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

புல்லுக்கு இந்த மரியாதை கிடைப்பதில்லை. வெட்டி எடுத்து எடை போட்டால் தரைக்கு மேலே மிகச் சொற்பம். மண் பத்தியில் எழுத வேண்டுமென்றால் குழி தோண்ட வேண்டும், அடுக்கடுக்காக மண் எடுக்க வேண்டும், கல்லையும் வேரையும் பிரித்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பணமும் நேரமும் பிடிக்கும். அதனால் வேறெங்கோ தட்டையான, வெப்பமான ஊரின் புல்வெளிக்குச் சொன்ன பொது எண்ணை எடுத்து உதகையின் கட்டத்தில் ஒட்டிவிடும் ஆய்வுகள் உண்டு. ஒட்டியதும் மேல்மலை மொட்டையாகிவிடும். நான் இரவு பதினொரு மணிக்குச் செய்ததை அவர்கள் பகலில் செய்கிறார்கள்.

உலகக் கணக்கைக் கேட்டால் மண்ணை ஏன் விடக்கூடாது என்று புரியும். பூமியின் மண்ணில், மேல் ஒரு மீட்டர் ஆழத்துக்குள் மட்டும், சுமார் 1,500 பில்லியன் டன் அங்ககக் கார்பன் இருக்கிறது என்று மதிப்பிடுகிறார்கள். உலகத்தின் மரம், செடி, கொடி அத்தனையும் சேர்த்தாலும் இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இந்த மண் கார்பன், காற்றில் இருப்பதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. இந்திய வன ஆய்வு நிறுவனம் நம் காடுகளுக்குப் போட்ட கணக்கிலும் சரிபாதிக்கு மேல் மண்ணில்தான் கிடக்கிறது. ஆனால் காடு என்றால் நம் கண் மேலேதான் போகிறது.

மண்ணுக்குள் கார்பன் எப்படிக் கரைகிறது, எப்படித் தங்குகிறது என்று கற்றுக்கொடுத்தது இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்ற ஒரு பண்ணை. 1843இல் அங்கே கோதுமை வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒன்றுக்குத் தொழுவுரம், ஒன்றுக்கு ரசாயன உரம், ஒன்றுக்கு எதுவுமே இல்லை என்று ஆரம்பித்த சோதனை இன்றும் நடக்கிறது. நான் விடாமல் யோசித்துக்கொண்டிருப்பது பக்கத்திலிருக்கும் பார்லி வயலைப் பற்றி. அதில் ஒரு பாத்திக்கு 1852இலிருந்து 1871 வரை, இருபது வருடம், தொழுவுரம் போட்டார்கள். பிறகு நிறுத்திவிட்டார்கள். நூறாண்டு கழித்து அளந்தபோதும், உரமே காணாத அடுத்த பாத்தியைவிட அந்த மண்ணில் கார்பன் கூடுதலாகவே இருந்தது. உரம் போட்டவர்களின் பேரனுக்குப் பேரன் வந்துவிட்டான், அந்த மாட்டுச்சாணம் இன்னும் கணக்கில் நிற்கிறது.

இந்த வயல்களின் பதிவுகளை வைத்து ஜென்கின்சன் என்ற மண்ணியலாளரும் அவருடைய சகாக்களும் 1970களில் உருவாக்கத் தொடங்கியதுதான் ‘ராத்-சி’ என்ற மாடல். அது மண்ணின் கார்பனைச் சில பானைகளாகப் பிரிக்கிறது. இளம் இலையும் தழையும் ஒரு பானை, சில மாதங்களில் காலி. நாரும் கட்டையும் இன்னொன்று, சில வருடம் தாங்கும். மட்கு என்ற பானையிலிருந்து ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதம்தான் கசியும். எதற்கும் அசையாத ஒரு பானையும் உண்டு. மாதத்துக்கு ஒருமுறை மாடல் வெப்பநிலையைக் கேட்கும், மண்ணின் ஈரத்தைக் கேட்கும், தரை மூடியிருக்கிறதா என்று கேட்கும். சூடு ஏறினால் எல்லாப் பானைகளும் வேகமாகக் கசியும். அட்டவணை மாடலில் பருவநிலை என்று ஒன்றே கிடையாது. நிலத்தின் வகை மாறாதவரை அதன் எண்ணும் மாறாது, நேற்று நட்ட காடும் நூறாண்டுக் காடும் அதற்கு ஒன்றுதான். வெயிலைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் ராத்-சி போன்ற ஒன்றிடம் போயாக வேண்டும்.

அந்தப் பானைக் கணக்கோடு நீலகிரிக்குத் திரும்புங்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே குளிர், ஈரம், பள்ளங்களில் தேங்கும் நீர். செத்த புல்லும் வேரும் முழுதாக மட்காமல் வருடா வருடம் படிந்து, பீட் எனப்படும் கறுத்த சதுப்பு மண்ணாகிறது. சாண்டிநல்லா பள்ளத்தில் இந்த மண்ணைத் துளையிட்டு எடுத்து, சுகுமார், ரமேஷ் உள்ளிட்ட இந்திய அறிவியலாளர்கள் அதிலிருந்த கார்பனை ஆராய்ந்தார்கள். முடிவு 1993இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. மரம் ஒருவிதமாகவும் வெப்பப் புற்கள் வேறுவிதமாகவும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கின்றன. அந்த வித்தியாசம் செத்த பின்னும் கார்பனின் நிறையில் தங்கிவிடுகிறது. அதைப் படித்து அவர்கள் சொன்னது இது: இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், பருவமழை நலிந்த காலத்தில் அங்கே புல் ஓங்கியிருந்தது. பத்தாயிரம் ஆண்டு வாக்கில் மழை வலுத்தபோது நிலைமை மாறியது. பிறகு மறுபடி வறட்சி, மறுபடி புல்.

மனிதன் காட்டை வெட்டியதால் வந்த புல்வெளி என்று நம் மனத்தில் ஒரு கதை உண்டே, அந்தக் கதையின் மனிதன் கோடரியோடு வருவதற்கு முன்பே அங்கே புல் இருந்தது. தோடர்களின் எருமைகள் மேய்ந்ததும், 2018இல் நீலக்குறிஞ்சி பூத்ததும், நம் மாநில விலங்கான வரையாடு வாழ்வதும் அந்தப் புல்லில்தான். என் படக்குறிப்பு இருபதாயிரம் ஆண்டு தவறு. இதழியலில் இது சாதனைதான்.

உச்சியில் புல், பள்ளத்தில் சோலை என்று கோடு கிழித்தது யார்? உறைபனி. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகைக்குப் போனவர்களுக்குத் தெரியும், காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். சோலை மரத்தின் நாற்று காட்டின் நிழலில் தப்பிக்கும், திறந்த வெளியில் உறைபனி பட்டால் கருகிவிடும். பெங்களூரு தேசிய உயிரியல் மையத்தாரின் ஆய்வு ஒன்று 2020இல் இதைச் சோதித்துக் காட்டியது. சோலையின் நாற்றுகள் புல்வெளியில் பனிக்குத் தோற்றன, சீகை நாற்றுகளோ பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரத்துக்கு நம் பனியின் எல்லைக்கோடு தெரியாது. இனி இரவுகள் சூடேறி உறைபனியும் குறைந்தால் அந்தக் கோடு முழுக்க அழியும்.

சீகையும் கற்பூர மரமும் வந்த கதை நீங்கள் அறிந்ததே. ஆங்கிலேயர் காலத்தில் விறகுக்கு, பிறகு தோல் பதனிடப் பட்டைக்கு, அதன் பிறகு காகிதக்கூழுக்கும் செயற்கை இழைக்கும். சும்மா கிடக்கும் புல்தரை என்று பெயர் வைத்தால் நடுவதற்குத் தயக்கம் வராது. நடவு நின்ற பிறகும் சீகை தானாகப் பரவிக்கொண்டே இருக்கிறது, அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டு காத்திருக்கும், தீ பட்டால் முளைக்கும். பழனி மலையில் நாற்பது ஆண்டுச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் வந்த ஆய்வு, மேல்மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத் தோப்பாகவும் விளைநிலமாகவும் போய்விட்டது என்று சொல்கிறது. கொடைக்கானலில் ‘இயற்கை எழில்’ என்று நாம் செல்ஃபி எடுத்துக்கொள்ளும் பல இடங்கள் அந்தத் தோப்புகள்தான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அட்டவணையில் புல்வெளியை அழித்துச் சீகை என்று மாற்றினால் மொத்தக் கார்பன் ஏறத்தான் செய்யும். வேகமாக வளரும் மரம் தரைக்கு மேலே நிறையவே சேர்க்கிறது. அப்புறம் என்ன, மலை முழுக்கச் சீகை போடலாமே என்று கேட்டேன். அவள் கேட்ட பதில்கேள்வி இது: “எத்தனை நாளைக்கு மாமா?” கட்டையில் இருப்பது வெட்டினால் போகும், கோடைத் தீயில் ஒரே பிற்பகலில் போகும், கற்பூர மரத்தின் எண்ணெய் இலை பற்றினால் அதைவிட வேகமாகப் போகும். ஈரம் காக்கும் பள்ளத்தின் பீட் மண் பல்லாயிரம் ஆண்டுகளாகக் காத்துவருகிறது. வேகமாகத் தண்ணீரை உறிஞ்சும் மரங்கள் மேலே நின்று அந்தச் சதுப்பு உலர்ந்தால், அந்தப் பானையும் கசியத் தொடங்கும். நாலு பத்திகளிலும் காலத்துக்கு என்று ஒரு பத்தி இல்லை. மரத்தின் டன்னும் மண்ணின் டன்னும் ஒரே டன்னாகக் கூட்டப்படுகின்றன, ஒன்று நடப்புக் கணக்கிலும் ஒன்று பரம்பரைச் சொத்திலும் இருந்தாலும்.

எதிர்காலத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டபோது அவள் ‘மார்க்கோவ்’ என்றாள். இந்த இடத்தில் இலக்கிய இதழின் ஆசிரியன் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆந்திரே மார்க்கோவ் என்ற ரஷ்யக் கணிதர் 1913இல் புஷ்கினின் ‘யெவ்கேனி ஒனேகின்’ கவிதை நாவலை எடுத்துவைத்துக்கொண்டு அதன் முதல் 20,000 எழுத்துகளைக் கையால் எண்ணினார். உயிரெழுத்து எது, மெய்யெழுத்து எது என்று. உயிருக்குப் பின் இன்னோர் உயிர் வருவது நூற்றுக்கு 13 முறைதான், மெய்க்குப் பின் உயிர் வருவது 66 முறை என்று கண்டார். இப்போது இருக்கும் எழுத்து அடுத்த எழுத்தின் வாய்ப்பைத் தீர்மானிக்கிறது. இதே முறையில்தான் இன்று நிலத்தைப் படிக்கிறார்கள்: 2000இல் புல்லாக இருந்த புள்ளிகளில் எத்தனை 2020இல் தேயிலையானது, எத்தனை சீகையானது, எத்தனை புல்லாகவே நின்றது? அந்த வாய்ப்புகளை மறுபடி பயன்படுத்தினால் 2040இன் வரைபடம். அதற்கு அட்டவணை எண்ணைப் போட்டால் 2040இன் கார்பன். உயிரையும் மெய்யையும் பிரித்தவர்கள் நாம், அதைக் கொண்டு மலையின் விதியை எண்ணலாம் என்று நமக்குத் தோன்றவில்லை பாருங்கள்.

இந்த முறையின் பலவீனத்தையும் அவளே சொன்னாள். கடந்த இருபது வருடம் போலவே அடுத்த இருபதும் இருக்கும் என்று அது நம்புகிறது. ஒரு கொள்கை மாறினால், தேயிலை விலை விழுந்தால், ஊட்டிச் சாலை அகலமானால் வாய்ப்புகள் மாறிவிடும். அதனால்தான் ஒரே ஒரு எதிர்காலத்தைச் சொல்லாமல் நாலைந்து போட்டுப் பார்க்கிறார்கள்: இப்படியே போனால், காட்டைக் காத்தால், கட்டடம் பெருகினால், புகை குறைந்தால், கூடினால். கருவியை மாற்றினாலும் விடை மாறும். இந்தியக் காடுகளில் எவ்வளவு பங்கு நூற்றாண்டின் முடிவுக்குள் வகை மாறக்கூடும் என்று 2006இல் ஒரு மாடலை வைத்துப் பார்த்தபோது, புகை கூடும் பாதையில் 77 விழுக்காடு என்று வந்தது. 2011இல் வேறொரு மாடலை வைத்துப் பார்த்தபோது 39. நாடு ஒன்று, பாதை ஒன்று, ஆய்வாளர்களிலும் சிலர் இரண்டிலும் உண்டு. இதைக் கேட்டு ‘அப்போ எல்லாம் சும்மாதானா’ என்று சிலர் கிளம்புவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு மருத்துவர்கள் இரண்டு எண் சொன்னால் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடாது.

எனக்குக் கவலை வேறு இடத்தில். இந்தக் கணக்குகள் இப்போது ஆய்வேட்டோடு நிற்பதில்லை, திட்டமாகவும் நிதியாகவும் மாறுகின்றன. நம் நாட்டின் அதிகாரப்பூர்வ அளவையில் ஒரு எக்டேருக்குக் குறையாத இடத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு மரநிழல் இருந்தால் அது வனப்பரப்பு. எந்த மரம், யாருடைய நிலம் என்ற கேள்வி இல்லை. சீகைத் தோப்பு அதில் சேரும். குறிஞ்சி பூக்கும் புல்வெளி சேராது. தமிழ்நாடு அரசு 2022இல் பசுமை இயக்கத்தைத் தொடங்கி, 23.7 விழுக்காட்டு வன மரப்பரப்பை 33 ஆக்குவது என்று இலக்கு வைத்தது. அதே ஆண்டில்தான் அயல் களைத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்கும் கொள்கையும் வந்தது. ஒரு கை நடச் சொல்கிறது, மறு கை பிடுங்கச் சொல்கிறது. எங்கே நடுவது, எங்கே பிடுங்குவது என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் சரிதான். மேல்மலையில் அந்தப் பிரிவினையைச் செய்ய மண் பத்தியில் உண்மையான எண் வேண்டும், அதற்கு யாராவது குழி தோண்ட வேண்டும்.

நண்பரின் மகள் அடுத்த மாதம் மேல்மலைக்குப் போகிறாள். மண்ணெடுக்கும் குழாய், பிளாஸ்டிக் பைகள், கம்பளி, கூடவே வழிகாட்ட அந்த ஊர்க்காரர் ஒருவர். “நீங்களும் வாங்க மாமா, குனிஞ்சு பாக்கச் சொல்லியிருக்காங்கல்ல” என்றாள். முட்டிவலியைக் காரணம் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. போய்வந்து எழுதுகிறேன். கோத்தகிரி வாசகிக்குப் பதில் அட்டை போட்டாயிற்று, அவர் வீட்டில் ஒரு தேநீரும் கேட்டிருக்கிறேன்.

  மலைநாட்டு வாசகர்கள் உங்கள் ஊரின் புல்வெளிகளுக்கு உள்ள பெயர்களை எழுதி அனுப்பினால் தொகுத்து வெளியிடுவோம்.

கடைசியாக ஒரு திருத்தம். சென்ற இதழின் அட்டைப் படக் குறிப்பைப் பின்வருமாறு மாற்றி வாசிக்கவும்: ‘நீலகிரி மேல்மலைப் புல்வெளியும் சோலையும். மண்ணுக்குக் கீழே இருப்பது படத்தில் இல்லை.’

அன்புடன்,
ஆசிரியர்